ஆம்கேட், என்க்யூடி, இலிட்மஸ்: வேலூர்ப் பக்கத்துப் பட்டதாரி எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

கடைசி ஆண்டு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பொங்கல் தாண்டியதும் ஒரே கேள்விதான் சுற்றும்: "ஆம்கேட் எழுதலாமா, என்க்யூடி போடலாமா, இலிட்மஸ் கட்டினா கம்பெனி கூப்பிடுமா?" காட்பாடி, பாகாயம், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என எந்தப் பக்கத்துக் கல்லூரியானாலும் கேள்வி மாறுவதில்லை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூன்றும், மதிப்பெண்ணைப் பார்த்து நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைக்கும் திறன் தேர்வுகள். இவற்றில் எதுவும் வேலை வாங்கித் தராது. வளாகத்துக்கு நிறுவனங்கள் வராத கல்லூரியில் கணினி, ஐடி, இசிஇ, பிசிஏ படித்தவருக்கு நேர்காணல் வாசல் வரை போக ஒரு வழியைத் திறக்கும். அவர்களுக்கு ஒரு தேர்வு, ஒரே ஒரு தேர்வு, பணத்துக்குத் தகும். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலோ வேலை தேடும் மெக்கானிக்கல், சிவில், வேதியியல் பட்டதாரிக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை.

இப்படி ஒரு தேர்வு ஏன் வந்தது என்பதற்கு வேலூரைச் சுற்றிப் பார்த்தாலே போதும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், தன்னாட்சிக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலைக் கல்லூரி எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வினாத்தாள் வேறு, திருத்தும் முறை வேறு. ஒன்றில் வாங்கிய 8.5 சிஜிபிஏ பெரிதா, இன்னொன்றில் வாங்கிய 7.2 பெரிதா என்று சென்னையில் உட்கார்ந்திருக்கும் எச்ஆர் ஒருவரால் சொல்ல முடியாது. எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தத்தான் பொதுத் தேர்வு. இந்தியப் பொறியாளர்களில் கிட்டத்தட்ட 25 விழுக்காட்டினரே பன்னாட்டு நிறுவன வேலைக்குப் பொருந்துவார்கள் என்று மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் 2005-ல் வெளியிட்ட கணிப்பு இந்தத் தேர்வுச் சந்தைக்குப் பெரிய தூண்டுதலாக இருந்தது. பிறகு ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் தன் பங்குக்கு 'நேக்' என்ற தேர்வைக் கொண்டுவந்தது. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் ஆம்கேட்டை உருவாக்கியது. அந்த நிறுவனத்தை 2019-ல் எஸ்ஹெச்எல் என்ற திறன் தேர்வு நிறுவனம் வாங்கிக்கொண்டது. இப்போது ஆம்கேட், எஸ்ஹெச்எல் குடையின் கீழ் நடக்கிறது.

முதலில் ஆம்கேட். ஆங்கிலம், கணக்குத் திறன், தர்க்கத் திறன் மூன்றும் கட்டாயம். இவற்றோடு ஆளுமைப் பகுதி ஒன்று உண்டு. அதற்கு மேல் கம்ப்யூட்டர் புரோகிராமிங், எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் போன்ற விருப்பப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் 100-லிருந்து 900 வரை மதிப்பெண். நெகட்டிவ் மார்க் கிடையாது. ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. அதற்குக் காரணம் உண்டு. இது கணினி தானாகத் தகவமைத்துக்கொள்ளும் தேர்வு. நீங்கள் சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி சற்றுக் கடினமாகும், தவறினால் எளிதாகும். எத்தனை கேள்விக்குச் சரியாக எழுதினீர்கள் என்பதை விட எந்த அளவு கடினமான கேள்விக்குச் சரியாக எழுதினீர்கள் என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் போனால் இரண்டு விதத்தில் அடிபடும். முதல் ஐந்தாறு கேள்விகளை அவசரத்தில் தவறவிட்டு "பின்னாடி பிடிச்சிடலாம்" என்று நினைப்பது ஒன்று. தேர்வு குறுகியது, கணினி ஒருமுறை உங்களைக் கீழே இறக்கிவிட்டால் மேலே ஏறப் போதுமான கேள்விகள் மிச்சம் இருக்காது. இன்னொன்று, கேள்வி கடினமாகிக்கொண்டே போவதைப் பார்த்துப் பயந்து கையை உதறிவிடுவது. கடினமாகிறது என்றால் நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்று பொருள். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவருக்குக் கடைசி பத்து நிமிடம் நிதானம் கிடைக்கும்.

டிசிஎஸ் நிறுவனத்தின் தேர்வு நடத்தும் பிரிவான ஐயான் நடத்தும் என்க்யூடி வேறு வகை. இதில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். டிசிஎஸ் நிறுவனம் தனக்கு ஆள் எடுக்க நடத்துவது ஒன்று. அதற்கு நெக்ஸ்ட்ஸ்டெப் என்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, 'டிடி' என்று தொடங்கும் எண்ணை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அந்த ஆண்டு பேட்ச்சுக்கான அழைப்புக்குத் தனியாக 'அப்ளை' கொடுக்க வேண்டும். பல நிறுவனங்களுக்கும் மதிப்பெண்ணைக் காட்டும்படி ஐயான் தளத்தில் கட்டணம் கட்டி எழுதுவது இன்னொன்று. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றதன் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். டிடி எண் வாங்கியதோடு நின்றுவிட்டு 'அப்ளை' கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு; அவர்களுக்கு ஹால் டிக்கெட் வராது.

டிசிஎஸ் ஆள் எடுப்புத் தேர்வின் அண்மைய வடிவம் இது: அடிப்படைப் பகுதியில் எண் கணக்கு, ஆங்கிலம், தர்க்கம் மூன்றுக்கும் தலா 25 நிமிடம், ஆக 75. அடுத்த நிலையில் கடினமான கணக்கும் தர்க்கமும் 25 நிமிடம், கோடிங் 90 நிமிடம். மொத்தம் 190 நிமிடம். அடிப்படைப் பகுதி மட்டும் தேறினால் நிஞ்சா என்ற பிரிவில் வேலை, அதாவது ஆண்டுச் சம்பளம் சுமார் 3.36 லட்சம். அடுத்த நிலையிலும் தேறினால் டிஜிட்டல், சுமார் 7 லட்சம். அதற்கும் மேலே பிரைம். எண் கணக்குப் பகுதியில் 20 கேள்விக்கு 25 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 75 விநாடி. நெகட்டிவ் மார்க் இல்லாததால் எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. வழக்கமாக 10, 12, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கிறார்கள். ஒன்றுக்கு மேல் அரியர் நிலுவையில் இருந்தால் தேர்வு எப்படி எழுதினாலும் பயனில்லை. கட்டணம் கட்டும் முன் இந்தத் தகுதி வரியை வாசிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இலிட்மஸ் மூன்றிலும் கடினமானது. கணக்கு, பிரச்சினைத் தீர்வு, ஆங்கிலம் என மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் 20 கேள்வி, கேள்விக்கு 10 மதிப்பெண், மொத்தம் 120 நிமிடம் என்பது நெடுங்காலமாக அதன் அமைப்பு. நெகட்டிவ் மார்க் முறைதான் வேடிக்கையானது. நீங்கள் தொட்ட கேள்விகளில் தவறானவை 25 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கழிப்பார்கள். 8 கேள்வி தொட்டு 2 தவறு என்றால் சரியாக 25, கழிவு இல்லை. 3 தவறு என்றால் மாட்டிக்கொண்டீர்கள். எனவே இருபதையும் தொடுவது இங்கே தற்கொலைக்குச் சமம். பகுதிக்கு 8 முதல் 10 கேள்வி வரை உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதியவர், எல்லாவற்றையும் குறித்தவரைத் தாண்டிவிடுவார். எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்துக் கொடுக்கும் பெருக்கல் புதிர் ஒன்று வழக்கமாக வரும். அதன் மீது மூன்று கேள்வி, 30 மதிப்பெண். பழகாதவருக்கு அது 20 நிமிடத்தை விழுங்கும். பத்துப் பதினைந்து புதிர்களைக் கையால் போட்டுப் பழகியவருக்கு 10 நிமிடம். இந்த ஒரு வகையில் உழைத்தால் கிடைக்கும் பலன் வேறெதிலும் இல்லை.

எங்கள் தரவரிசை: புரோகிராமிங் உறுதியாக இருந்து, சென்னை, பெங்களூரு என்று போகத் தயாராக இருப்பவருக்கு டிசிஎஸ்ஸின் இலவச வழி முதலில். அதை எழுதிவிட்டு, அதற்காகப் படித்த சூட்டோடு ஆம்கேட் அல்லது இலிட்மஸ் இரண்டில் ஒன்று. கணக்கில் வேகம் குறைவு ஆனால் ஆழம் உண்டு என்பவர் இலிட்மஸ். வேகம் உண்டு, ஆங்கிலமும் பரவாயில்லை என்பவர் ஆம்கேட். மூன்றுக்கும் பணம் கட்டுவது வீண். ஆம்கேட் மதிப்பெண்ணுக்கு ஓராண்டு ஆயுள், என்க்யூடிக்கும் இலிட்மஸுக்கும் இரண்டாண்டு. பொறியியல் மாணவர் மூன்றாம் ஆண்டிலேயே ஆம்கேட் எழுதிவிட்டால் வேலை தேடும் நேரத்தில் அது காலாவதியாகிவிடும். ஏழாம் செமஸ்டர் முடிந்த விடுமுறை சரியான நேரம்.

இனி, மதிப்பெண் எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்ப்போம். பயிற்சி நிலையங்கள் கணக்கிலேயே மூழ்கடிக்கின்றன. வடாற்காடு மாவட்டங்களின் தமிழ்வழி மாணவர்களுக்கு உண்மையான ஓட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021-ல் பொறியியலுக்கும் வந்தது. அந்த முதல் அணி 2025-ல் பட்டம் பெற்று வெளியே வந்தது. நான்கு ஆண்டு முட்டி மோதி அரியர் இல்லாமல் தேறிய பிள்ளைகள், 25 நிமிட ஆங்கிலப் பகுதியில் கட்-ஆஃப் வாங்காமல் நிற்பது மனதை அறுக்கிறது. அது அறிவுக் குறைவு இல்லை. கேள்வியின் இயல்பு தெரியாததுதான்.

பிழை கண்டுபிடிக்கும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில் 'ஹேவ்' வருமா, 'ஹாஸ்' வருமா? 'ஸ்டூடண்ட்ஸ்' என்ற பன்மை பக்கத்திலேயே இருப்பதால் கை 'ஹேவ்' பக்கம் போகும். அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: "மாணவர்களில் ஒருவன் வந்தான்." "வந்தார்கள்" என்று யாரும் சொல்ல மாட்டோம். 'ஒருவன்'தான் எழுவாய் என்று நம் காதுக்குத் தெரியும். ஆகவே 'ஹாஸ்'. இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது.

அதே தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. "திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்" என்று பழகிய வாய், 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' போட்டுவிடும். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. 'அபவுட்' வந்தால் பிழை. 'என்டர்' பின்னால் 'இன்டு' போடுவது, 'ரிட்டர்ன்' பின்னால் 'பேக்' போடுவது எல்லாம் இந்த வகை. நாம் தமிழ் உருபை ஆங்கிலத்தில் ஒட்டும் இடங்கள் 40, 50-க்கு மேல் இல்லை. அவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ் வாக்கியத்தையும் எழுதிவைத்தால் பிழை திருத்தும் கேள்விகளில் பாதி கைக்கு வந்துவிடும். ஆயிரம் அருஞ்சொல் மனப்பாடம் செய்வதைவிட இது பலன் தரும். பத்தி வாசித்துப் பதில் சொல்லும் கேள்விக்கு மட்டும் குறுக்கு வழி இல்லை. தினமும் ஆங்கில நாளிதழின் ஒரு தலையங்கத்தை 6 நிமிடத்தில் வாசித்து, எழுதியவரின் வாதம் என்ன என்று ஒரே வரியில் தமிழில் சொல்லிப் பழக வேண்டும்.

கணக்கில் பள்ளி முறையே எதிரி. ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடிப்பார்கள். முதலாமவர் 4 நாள் தனியே செய்தபின் மற்றவரும் சேர்ந்தால் மொத்தம் எத்தனை நாள்? பின்னத்தில் போனால் 2 நிமிடம். மொத்த வேலையை 12, 18-ன் மீச்சிறு பொது மடங்கான 36 பங்கு என்று வையுங்கள். முதலாமவர் நாளுக்கு 3 பங்கு, மற்றவர் 2. 4 நாளில் 12 முடிந்தது. மீதி 24, இருவரும் சேர்ந்து நாளுக்கு 5, எனவே 4.8 நாள். மொத்தம் 8.8. மனதிலேயே 30 விநாடி. குழாய்த் தொட்டிக் கணக்குகளும் இதே அச்சுதான். விழுக்காடு, விகிதம், வேலை-நேரம், வேகம்-தூரம், சராசரி ஐந்தும் கைக்கு வந்தால் பெரும்பகுதி வந்துவிடும். நிகழ்தகவும் வரிசை மாற்றமும் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

கோடிங் பகுதியில் நல்ல புரோகிராமரும் பூச்சியம் வாங்குவதைத் தடுக்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும். திருத்துவது கணினி, உங்கள் விடையை மறைத்து வைத்த உள்ளீடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கல்லூரி லேபில் பழகிய பழக்கத்தில் "எண்ணைத் தருக" என்ற வாசகத்தை அச்சிட்டால், அதுவும் விடையின் பகுதியாகிவிடும், எல்லா சோதனையிலும் தோல்வி. கேட்டதை மட்டும் அச்சிட வேண்டும். அடுத்தது எண்ணின் கொள்ளளவு. சி, ஜாவாவில் முழு எண்ணுக்கான சாதாரண 'இன்ட்' வகை 2,147,483,647 வரைதான் தாங்கும். 12-ன் ஃபேக்டோரியல், அதாவது 1 முதல் 12 வரை பெருக்கிய விடை, 479,001,600; அடங்கும். 13-ன் ஃபேக்டோரியல் 6,227,020,800. அடங்காது, குப்பை எண் வரும். மாதிரி உள்ளீட்டில் 5 கொடுத்திருப்பார்கள், சரியாக வரும். மறைத்த உள்ளீட்டில் 15 இருக்கும். 'லாங் லாங்' அல்லது ஜாவாவில் 'லாங்' போட்டிருந்தால் தப்பியிருக்கும். மூன்றாவது வேகம். பட்டியலில் 1 லட்சம் எண் இருக்கும்போது லூப்புக்குள் லூப் போட்டால் 1000 கோடி முறை ஓட வேண்டும். நேர வரம்பு தாண்டிவிடும். முதலில் வரிசைப்படுத்திவிட்டால் அல்லது ஹேஷ் மேப் வைத்தால் விநாடிக்குள் முடியும். முழு விடை வராவிட்டாலும் நேரடியான, மெதுவான தீர்வைக் கட்டாயம் எழுதி விடுங்கள். பல தேர்வுகளில் தேறிய சோதனைகளுக்கு ஏற்பப் பகுதி மதிப்பெண் உண்டு. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் 2017-ல் 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் சுமார் 36,000 பொறியியல் மாணவர்களின் கோடிங் தேர்வை அலசியபோது, சரியான தர்க்கத்தோடு நிரல் எழுதியவர்கள் 4.77 விழுக்காடுதான். அந்தக் கணக்கைப் பலர் குறை சொன்னார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்டோரின் நிரல் கம்பைலே ஆகவில்லை என்ற பகுதி கவனிக்க வேண்டியது. நிரல் எழுத உதவும் ஐடிஇ மென்பொருள் தானே திருத்திக் கொடுத்துப் பழகியவர்கள், வெறும் எடிட்டரில் ஒரு மாதமாவது தட்டிப் பழக வேண்டும்.

பேச்சு ஆங்கிலத்தைச் சோதிக்கும் கணினித் தேர்வு பிபிஓ வேலைகளுக்கும் சில ஐடி வேலைகளுக்கும் வருகிறது. திரையில் வரும் வாக்கியத்தை வாசிப்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, ஒரு தலைப்பில் ஒரு நிமிடம் போலப் பேசுவது. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். அதனால் குடிக்கும் காபியும் நகல் காப்பியும் பலர் வாயில் ஒரே ஒலியில் வந்துவிடும். மேல் பல் கீழுதட்டைத் தொட்டு வரும் 'ஃப' ஒலியை ஒரு வாரம் கண்ணாடி முன் பழகினால் சரியாகிவிடும். ஆனால் அதைவிட முக்கியம் தடையில்லாத ஓட்டம். வேகமாகப் பேசினால் ஆங்கிலம் நன்றாக இருக்கும் என்று நினைப்பது தவறு. வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்காமல், முடிவில் நிறுத்திப் பேசினாலே மதிப்பெண் ஏறும். மைக் வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கட்டும்; சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சலும் பதிவாகும்.

ஆளுமைப் பகுதிக்குச் சரி, தவறு இல்லை. ஒரே கருத்தை வேறு வார்த்தையில் இரண்டு முறை கேட்பார்கள். நடித்தால் முரண்பாடு தெரிந்துவிடும். உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு நகருங்கள்.

இப்போது தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்து. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக. பான் அட்டையில் இரண்டும் இடம் மாறி. பதிவுப் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தைக் காட்டும். ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, தேர்வன்று அடையாள அட்டையில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்தப்படுகிறார்கள். அல்லது தேர்வு முடிந்து நேர்காணலும் தேறி, பணி நியமனச் சரிபார்ப்பில் மாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதே மூலம். ஆதாரை அதற்கு ஏற்ப முதலிலேயே திருத்திவிடுங்கள். தேர்வுக்கு ஒரு மாதமாவது முன்பு. எல்லாத் தளங்களிலும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை ஒரே மாதிரி போடுங்கள், புள்ளி வைக்காமல். மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் சொந்தமாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்துவிட்டால், நிறுவனத்தின் அழைப்பு அவருக்குத்தான் போகும்.

வீட்டிலிருந்து எழுதும் தேர்வானால் மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஸ்லாட் எடுங்கள். துணைமின் நிலையம் வாரியாக எந்த ஊரில் எந்த நாள் என்று நாளிதழில் வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்கு நிறுத்துவார்கள். அந்த நாளில் மடிக்கணினி தாங்கினாலும் மோடம் தாங்காது. கைபேசி ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருங்கள், ஆனால் அந்தக் கைபேசி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. கேமரா வழியே கண்காணிக்கும் மென்பொருள் கைபேசியைக் கண்டால் எச்சரிக்கும், சில எச்சரிக்கைக்குப் பின் தேர்வை மூடிவிடும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகி அடையாளம் பிடிபடாது. விண்டோஸ் அப்டேட்டை முந்தைய இரவே முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் டெஸ்க்டாப், எனிடெஸ்க் எல்லாவற்றையும் மூடுங்கள். திரையில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்த்தாலும் முழுத்திரையை விட்டு வெளியேறியதாகக் கணக்கு.

முடிவு வந்ததும் பலர் மொத்தத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பகுதிவாரி அறிக்கைதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய சரக்கு. ஆம்கேட் அளவுகோலின் நடு 500. தர்க்கம் 560, கணக்கு 540, ஆங்கிலம் 380 என்று வந்தால் அடுத்த இரண்டு மாதமும் ஆங்கிலத்துக்கு மட்டும் என்று முடிவு செய்யலாம். நிறுவனங்கள் பகுதிக்குப் பகுதி கட்-ஆஃப் வைப்பதால், இருக்கும் 560-ஐ 620 ஆக்குவதில் பலன் இல்லை. 380-ஐ 460 ஆக்கினால்தான் கதவு திறக்கும். பர்சென்டைல் என்பது விழுக்காடு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 70 பர்சென்டைல் என்றால் எழுதியவர்களில் 70 விழுக்காட்டினர் உங்களுக்குக் கீழே.

பணத்தோடு விளையாடும் கூட்டமும் இதைச் சுற்றி இருக்கிறது. "உங்க ஆம்கேட் ஸ்கோர் செலக்ட் ஆயிடுச்சு, லேப்டாப் டெபாசிட் கட்டுங்க" என்று அழைப்பு வந்தால் அது மோசடி, இரண்டாவது யோசனையே வேண்டாம். நேர்காணலுக்கோ நியமனத்துக்கோ பணம் கேட்கும் இடம் எதுவும் வேலை தரும் இடம் இல்லை. நகையை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். சில நேரம் அழைப்பு நேரே அப்பாவுக்கு வருகிறது.

தேர்வே தேவைப்படாத வழிகளையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாகாது. மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் படித்தவர் ஒன்றிய அரசின் அப்ரண்டிஸ் திட்டமான நேட்ஸ் தளத்தில் இலவசமாகப் பதிந்தால் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சிக்கு உதவித்தொகையுடன் போகலாம். ராணிப்பேட்டை பெல் உள்படப் பொதுத்துறை ஆலைகள் அந்த வழியில்தான் பட்டதாரிப் பயிற்சியாளர்களை எடுக்கின்றன. சிப்காட் ஆலைகளின் நேர்காணலில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள், வரைபடத்தை நீட்டி டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வேறுபாடு) கேட்பார்கள். அங்கே ஆம்கேட் அறிக்கையை யாரும் புரட்டுவதில்லை. பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து உதிரிபாக ஆலைகளின் பேச்சும் கூடியிருக்கிறது. அந்தப் பக்கம் போக நினைப்பவர் ஜிடி அண்ட் டி (வரைபடத்தில் வடிவத்தையும் டாலரன்ஸையும் குறிக்கும் முறை), தரக் கட்டுப்பாடு, சிஎன்சி (கணினி இயக்கும் எந்திரம்) மூன்றில் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. பொதுத்துறைதான் குறி என்றால் பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வான 'கேட்' எழுதுங்கள், அந்த மதிப்பெண் மூன்றாண்டு நிற்கும். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் படிப்புகள் கல்லூரிகள் வழியே மாணவருக்கு இலவசமாகவே வருகின்றன. அதில் வரும் பயிற்சியைக் கிரெடிட்டுக்காக மட்டும் 'கிளிக்' செய்து தள்ளிவிட்டு, அதே பாடத்துக்கு வெளியே பணம் கட்டுவது நடக்கிறது, அதைத் தவிர்க்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் வெள்ளிக்கிழமைகளில் நடத்தும் சிறு முகாம்களுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சம்பளம் குறைவாக இருக்கலாம், ஆனால் நேருக்கு நேர் பேசிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

கல்லூரிகளைப் பற்றிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இறுதியாண்டு மாணவர் எல்லோரிடமும் மொத்தமாகக் கட்டணம் வசூலித்து ஒரு தேர்வை நடத்தினால், பிளேஸ்மென்ட் அலுவலரிடம் மூன்றைக் கேளுங்கள். பகுதிவாரி அறிக்கை மாணவர் கைக்கே வருமா, அல்லது கல்லூரி அலமாரியில் தங்குமா? அந்த மதிப்பெண்ணைப் பார்த்துப் போன ஆண்டு இந்தக் கல்லூரிக்கு நேர்காணலுக்கு வந்த நிறுவனம் எது? சிவில் மாணவரும் தமிழ் இலக்கியம் படிக்கும் பெண்ணும் இதை ஏன் எழுத வேண்டும்? மூன்றுக்கும் பெயர், தேதியோடு பதில் வந்தால் கட்டுங்கள். "எல்லாரும் கட்டுறாங்க சார்" என்று வந்தால், அந்தப் பணத்துக்கு இரண்டு மாதம் தினசரி ஆங்கில நாளிதழும், ஒரு நல்ல கணக்குப் பயிற்சிப் புத்தகமும், பேச்சுத் தேர்வுக்கு மைக் உள்ள ஹெட்போனும் வாங்கிக் கொடுங்கள்.